சங்கமும் நிர்வாகமும் ஒரே மேசையில்: அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியர் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

பிள்ளைகளை அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக. ஊரிலிருந்து இந்த விவகாரத்தைக் கவனிக்கும் ஆசிரியர்களும் படிக்கலாம். "ஆசிரியர் சங்கம் இருக்கும்வரை மோசமான ஆசிரியரை யாராலும் அசைக்க முடியாது" என்ற பேச்சு பெற்றோர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறது. அது சில ஊர்களில் உண்மைதான். ஆனால் யார் வேலையில் தொடரலாம், யார் தொடரக்கூடாது என்ற முடிவில் சங்கமே பாதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஊர்களும் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

பள்ளி மாவட்டம் என்பது என்ன? சங்கம் அதில் எங்கே வருகிறது?

அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஊர் ஆட்சியர் மாவட்டத்தை மனதில் வைத்து இதைப் பார்க்கக்கூடாது. மேரிலாந்தில் ஒரு கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். கலிபோர்னியாவில் இரண்டு மூன்று சிறு நகரங்கள் சேர்ந்து ஒரு மாவட்டமாக இருக்கலாம். பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதை நடத்துகிறது. வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் மாநில அரசு அல்ல, இந்த மாவட்டம்தான்.

தேசிய அளவில் இரண்டு பெரிய சங்கங்கள் உள்ளன: 1857இல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம், 1916இல் தொடங்கிய அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு. ஆனால் பேரம் பேசுவது இவற்றின் உள்ளூர்க் கிளைகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாவட்டத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவார்கள். சம்பளம், மருத்துவக் காப்பீடு, வேலை நேரம், பல இடங்களில் மதிப்பீட்டு முறையும்கூட அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

சங்கமும் நிர்வாகமும் ஒத்துழைக்கின்றன என்று எப்போது சொல்லலாம்?

கூட்டுக் குழு அமைத்து, புகைப்படம் எடுத்து, அறிக்கை விட்டால் ஒத்துழைப்பு என்று பல மாவட்டங்கள் நினைக்கின்றன. நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: கசப்பான முடிவை யார் எடுக்கிறார்கள்? சரியாகப் பாடம் நடத்தாத ஆசிரியரை என்ன செய்வது என்ற முடிவில் இரு தரப்புக்கும் ஓட்டு இருந்தால் அது ஒத்துழைப்பு. பயிற்சிப் பட்டறைக்கு நாள் குறிப்பதில் மட்டும் ஓட்டு இருந்தால் அது மரியாதை.

இது முதலில் எங்கே தொடங்கியது?

ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில், 1981இல். கண்ணாடித் தொழிலுக்கும் ஜீப் வண்டிகளுக்கும் பெயர்போன தொழிலாளர் நகரம் அது. அங்கே ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த டால் லாரன்ஸ் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கையை முன்வைத்து வந்தார்: புதிதாக வரும் ஆசிரியர்களை அனுபவமுள்ள ஆசிரியர்களே பயிற்றுவிக்கட்டும், அவர்களே மதிப்பிடட்டும். நிர்வாகம் மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பதில் நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. தடுமாறும் பழைய ஆசிரியர்களையும், அதாவது பணி நிரந்தரம் ஆனவர்களையும், இதே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. சங்கம் சம்மதித்தது.

இதைக் கொடுக்கல் வாங்கல் என்றே பார்க்க வேண்டும். யாரும் திடீரென்று நல்லவராகிவிடவில்லை. சங்கம் ஒரு அதிகாரத்தைக் கேட்டது, நிர்வாகம் அதற்கு ஒரு விலை சொன்னது, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த கண்காணிப்பாளர் வந்ததும் கலைந்திருக்கும். ஒப்பந்தத்தில் இருந்ததால் நின்றது. இந்த வகைத் திட்டத்தைச் சக ஆசிரியர் உதவி மற்றும் மதிப்பீட்டுத் திட்டம் என்கிறார்கள். சின்சினாட்டி 1985இலும் கொலம்பஸ் 1986இலும் இதைப் பின்பற்றின. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரமும் அதே பத்தாண்டில் சேர்ந்துகொண்டது.

மதிப்பீடு செய்யும் அந்த ஆசிரியர் அன்றாடம் என்ன செய்வார்?

ஆலோசக ஆசிரியர் என்று அழைப்போம். நல்ல பெயர் எடுத்த வகுப்பாசிரியர் ஒருவரைப் போட்டித் தேர்வு முறையில் தேர்ந்தெடுத்து, வகுப்பிலிருந்து முழுநேரமாக விடுவிப்பார்கள். பொதுவாக மூன்று ஆண்டுக் காலம். அதன் பிறகு வகுப்புக்கே திரும்ப வேண்டும். இந்த நிபந்தனை முக்கியமானது. இதை நிர்வாகப் பதவிக்கு ஏணியாகப் பயன்படுத்தக்கூடாது. நாளை தன்னோடு ஓய்வறையில் உட்காரப்போகிறவரைத்தான் இன்று மதிப்பிடுகிறோம் என்ற நினைவு அவருக்கு இருக்க வேண்டும்.

ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் ஒப்படைக்கப்படுவார்கள். தன் பாடத்துக்கும் வகுப்பு நிலைக்கும் ஏற்றவர்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். வேதியியல் தெரியாதவர் வேதியியல் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து "மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள்" என்று எழுதிவிட்டுப் போகும் மதிப்பீடு நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது நடப்பது கடினம். ஆலோசகர் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருவார், சில நேரம் சொல்லாமலும் வருவார். பாடக்குறிப்பைச் சேர்ந்து எழுதுவார், தானே ஒரு பாடம் நடத்திக் காட்டுவார், நன்றாக நடத்தும் இன்னொரு ஆசிரியரின் வகுப்புக்கு அழைத்துப் போவார். பார்த்தது, பேசியது, அடுத்த முறைக்குள் மாற வேண்டியது எல்லாவற்றையும் எழுதிவைப்பார்.

உதவுகிறவரே தீர்ப்பும் சொல்வாரா? அது முரண் இல்லையா?

கல்வியியல் நூல்களில் இந்த ஆட்சேபம் பழையது. நம்பிக்கையோடு பலவீனத்தைச் சொன்னால் அது அறிக்கையில் ஏறிவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் நடைமுறையில் இந்த இணைப்புதான் திட்டத்தின் பலம் என்பது என் கருத்து. ஒரு ஆண்டில் இரண்டு முறை வந்துபோகும் மேலதிகாரியைவிட, இருபது முறை வந்து உட்கார்ந்தவரின் சொல்லுக்கு எடை அதிகம். வேலை போகிறவரால்கூட "எனக்கு யாரும் உதவவில்லை" என்று சொல்ல முடியாது. நடுவர் முன் வழக்குப் போகும்போது இந்தப் பதிவுகள்தான் நிற்கின்றன.

மேலும் ஆலோசகர் தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. அவர் ஒரு கூட்டுக் குழுவின் முன் அறிக்கை வைக்கிறார். டொலிடோவில் அந்தக் குழுவில் ஒன்பது பேர்: ஆசிரியர்கள் ஐவர், நிர்வாகிகள் நால்வர். முடிவெடுக்க ஆறு ஓட்டு வேண்டும். ஆகவே ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றாலும் போதாது, எதிர்த் தரப்பிலிருந்து ஒருவரையாவது சம்மதிக்கவைக்க வேண்டும். அந்த ஒரு எண்ணை யோசித்து வைத்தவரைப் பாராட்ட வேண்டும். குழு தன் பரிந்துரையைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பும். அவர் வாரியத்துக்கு அனுப்புவார்.

பணி நிரந்தரமான ஆசிரியர் இதற்குள் எப்படி வருவார்?

மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். டொலிடோவில் தலைமையாசிரியரும் அந்தப் பள்ளியின் சங்கக் குழுவும் ஒருசேர ஒப்புக்கொண்டால்தான் ஒருவரை உள்ளே அனுப்ப முடியும். வேறு பல மாவட்டங்களில் தலைமையாசிரியரின் மோசமான மதிப்பீடே வழி.

தன் சொந்த உறுப்பினரை வெளியேற்ற ஒரு சங்கம் எப்படி ஓட்டுப் போடும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. உறுப்பினர்களும் கேட்டார்கள், கடுமையாகவே. சந்தா வாங்கிக்கொண்டு எங்களையே காட்டிக்கொடுப்பதா, வேலியே பயிரை மேய்வதா என்ற கோபம் ஒவ்வொரு ஊரிலும் எழுந்தது. தேசியக் கல்விச் சங்கம் நீண்ட காலம் இந்த முறையை எதிர்த்தது. 1997இல்தான், பாப் சேஸ் தலைவராக இருந்தபோது, அந்த எதிர்ப்பைக் கைவிட்டது. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் அதற்கு வெகு முன்பே ஆதரித்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சங்கம் தன் உறுப்பினர்களை நியாயமாகப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும். பாரபட்சம், அலட்சியம் கூடாது. ஆனால் ஒவ்வொரு வழக்கையும் கடைசிவரை நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதிமுறை மீறப்படாமல் காப்பதும், தகுதியற்றவரைக் காப்பதும் ஒன்றல்ல.

சட்டத்தைவிட வலுவான காரணம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் வகுப்பில் பெருக்கல் சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளைகள் அடுத்த ஆண்டு யாரிடம் வருகிறார்கள்? ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம். அவரும் சங்க உறுப்பினர்தான். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தலைமையாசிரியரைவிட நன்றாகத் தெரியும். ஆகவே சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இளகிப்போவார்கள் என்ற எதிர்பார்ப்பு பல ஊர்களில் பொய்த்தது.

எண்கள் ஏதாவது உண்டா?

மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி நல்ல எடுத்துக்காட்டு. வாஷிங்டனை ஒட்டிய பகுதி. நம்மவர்கள் பலர் வசிக்கும் இடம். 2011இல் ஏறத்தாழ 1,45,000 மாணவர்கள் படித்த பெரிய மாவட்டம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். ஜெர்ரி வீஸ்ட் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் சங்கத்தோடு சேர்ந்து இந்தத் திட்டம் வந்தது. குழுவில் ஆசிரியர்கள் எட்டுப் பேர், தலைமையாசிரியர்கள் எட்டுப் பேர்.

முதல் 11 ஆண்டுகளில் குழு 200 ஆசிரியர்களை நீக்க ஓட்டளித்தது. இன்னும் 300 பேர் திட்டத்துக்குள் போவதைவிட விலகிவிடுவதே மேல் என்று போய்விட்டார்கள் என்று 2011இல் வீஸ்ட் சொன்னார். திட்டத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளில் நீக்கப்பட்டவர்கள் ஐந்தே பேர்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, சங்கமே களையெடுக்கிறது" என்று கொண்டாடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். திட்டத்துக்குள் போனவர்களில் பலர் தேறி, வழக்கமான பணிக்குத் திரும்புவதும் அதன் வேலைதான். ஆலோசக ஆசிரியரின் நேரம் பெரும்பாலும் முதலாண்டு ஆசிரியர்களிடம் போகிறது. நீக்கல் அதில் ஒரு சிறு பகுதி.

தலைமையாசிரியர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

முதலில் கசப்பாக. மதிப்பீடு தங்கள் அதிகாரம், அது பறிபோகிறது என்றார்கள். ராச்செஸ்டரில் நிர்வாகிகளின் சங்கம், எங்கள் வேலையை ஆசிரியர்கள் செய்கிறார்கள் என்று வழக்கே போட்டது, அது எடுபடவில்லை. போகப்போகப் பலர் மனம் மாறினார்கள். நாற்பது ஐம்பது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒரு புது ஆசிரியருக்காக வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் முடியாது என்பது அவர்களுக்கே தெரியும்.

மாணவர்களுக்குப் பலன் கிடைத்ததா?

இங்கே சற்று நிதானம் வேண்டும். ஒரு திட்டத்தின் பலனை மாணவர் மதிப்பெண்ணில் பிரித்துக் காட்டுவது எளிதல்ல. ஆனால் கவனமாகச் செய்த ஒரு ஆய்வு உண்டு. சின்சினாட்டி மாவட்டத்தில் ஒரு ஆண்டு முழுவதும் நடக்கும் மதிப்பீட்டு முறை இருந்தது: நான்கு முறை வகுப்பைப் பார்வையிடுவார்கள், மூன்று முறை வெளிப் பள்ளியின் அனுபவமுள்ள ஆசிரியர், ஒரு முறை தலைமையாசிரியர். எரிக் டெய்லரும் ஜான் டைலரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நடுப் பணிக்காலத்தில் இருந்த ஆசிரியர்கள் இப்படி மதிப்பிடப்பட்ட பிறகு அவர்களின் மாணவர்கள் கணக்கில் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பிறகும் அந்த முன்னேற்றம் நின்றது. வாசிப்பில் அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. ஏன் கணக்கில் மட்டும் என்பது சுவாரசியமான கேள்வி.

இன்னொரு பக்கம், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சால் ரூபின்ஸ்டீனும் ஜான் மெக்கார்த்தியும் பள்ளிக்குள் சங்கப் பிரதிநிதியும் தலைமையாசிரியரும் எவ்வளவு நெருக்கமாக வேலை செய்கிறார்கள் என்று அளந்தார்கள். நெருக்கம் அதிகமுள்ள பள்ளிகளில் மாணவர் முன்னேற்றமும் அதிகம். ஏழை மாணவர்கள் நிறைந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் விட்டுப்போவதும் குறைவு. இது தொடர்பைக் காட்டுகிறது. எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல இது போதாது.

அந்த ஆய்வு எந்த ஊரில் நடந்தது?

முதலில் கவனம் பெற்றது ஏபிசி மாவட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் தென்கிழக்கில் இருக்கிறது. ஆர்டீசியா, புளூம்ஃபீல்ட், கார்மெனிட்டா என்ற மூன்று பழைய பள்ளி மாவட்டங்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். ஆர்டீசியாவின் பயனியர் சாலையில் புடவைக்கும் நகைக்கும் போகிற நம்மவர்கள் பலர், தாங்கள் நிற்கும் இடம் தொழிலுறவு ஆய்வாளர்களுக்குப் புனிதத் தலம் என்பதை அறிய மாட்டார்கள்.

1993இல் அங்கே எட்டு நாள் வேலைநிறுத்தம். அது விட்டுச்சென்ற காயம் ஆழமானது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சங்கத் தலைவர் லாரா ரிக்கோவும் கண்காணிப்பாளர் ரான் பார்ன்ஸும் தவறாமல் சந்தித்துப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். 1999இல் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் ஆறு பள்ளிகள்: வறுமை அதிகம், வாசிப்புத் தேர்ச்சி குறைவு, புதிய ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஈர்ப்பதும் வாசிப்பைக் கற்பிக்கும் முறையைச் சீராக்குவதும் இரு தரப்பும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பணி. பிறகு அது மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் தத்துவத்தில் தொடங்கவில்லை என்பது. ஆறு பள்ளிகள், வாசிப்பு, ஆள் பற்றாக்குறை. அவ்வளவுதான். சங்கத் தலைவரும் கண்காணிப்பாளரும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் ஓய்வு பெற்றதும் எல்லாம் முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரும் சங்கப் பிரதிநிதியும் பேசப் பழகினார்கள். ஆட்கள் மாறிய பிறகும் அது தொடர்ந்தது.

சம்பளத்தைத் தரத்தோடு சேர்த்தால் என்ன?

டென்வர் செய்து பார்த்தது. சங்கமும் மாவட்டமும் சேர்ந்து வடிவமைத்த புரோகாம்ப் என்ற சம்பள முறையை 2004இல் ஆசிரியர்களும், அதற்கான ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வரியை 2005இல் வாக்காளர்களும் ஏற்றார்கள். நாடே பாராட்டியது. 2019 பிப்ரவரியில் அதே முறையை எதிர்த்து ஆசிரியர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊக்கத்தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறின. அடுத்த ஆண்டு கையில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் வீட்டுக்கடன் வாங்க முடியுமா என்பதுதான் அவர்களின் கேள்வி. சேர்ந்து செய்தது என்பதால் மட்டும் ஒரு திட்டம் நல்லதாகிவிடாது.

வெளியிலிருந்து பெரிய நிதி வந்தால் இது எளிதாகுமா?

பல நேரங்களில் கெடுகிறது. புளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டி 2009இல் கேட்ஸ் அறக்கட்டளையிடம் 10 கோடி டாலர் வாக்குறுதி பெற்று, சங்கத்தின் சம்மதத்தோடு சக மதிப்பீட்டு முறையைத் தொடங்கியது. 2015இல் மாவட்டமே அதைக் கைவிட்டது. ஹில்ஸ்பரோ உட்படப் பல இடங்களில் நடந்த அந்த அறக்கட்டளைத் திட்டத்தை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், மாணவர் முன்னேற்றத்தில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று 2018இல் எழுதியது.

மான்ட்கோமரி எதிர்த்திசையில் போனது. மத்திய அரசின் போட்டி நிதித் திட்டத்தில் மேரிலாந்து 25 கோடி டாலர் வென்றபோது, தனக்கு வரவேண்டிய 1.2 கோடி டாலரை அந்த மாவட்டம் வேண்டாம் என்றது. வாங்கினால் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோட வேண்டும். அது தாங்கள் கட்டிய நம்பிக்கையை உடைக்கும் என்று கருதினார்கள். பணம் வேண்டாம் என்று சொல்லும் மாவட்டத்தைப் பார்ப்பது அபூர்வம்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

முதலில் செலவு. ஆலோசகர் ஒருவர் வகுப்பை விட்டு வந்தால், அந்த வகுப்புக்கு இன்னொருவரை எடுக்க வேண்டும். வரவுசெலவு சுருங்கும்போது முதலில் கைவைக்கப்படுவது வகுப்பில் நிற்காத இந்தப் பதவிகள்தான். கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றிப் பணம் கொடுத்து மாநிலம் முழுவதும் பரப்பியது. 2009இல் அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிடலாம் என்றதும் பல மாவட்டங்களில் திட்டம் தேய்ந்தது.

அடுத்து சட்டம். கூட்டுப் பேர உரிமையே இல்லாத மாநிலங்கள் உண்டு. டெக்சாஸும் வட கரோலினாவும் அவற்றில் சேரும். 2011இல் விஸ்கான்சின் அந்த உரிமையை வெகுவாகக் குறைத்தது. எழுத ஒப்பந்தமே இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்தை எதில் எழுதுவது?

மற்றபடி, அரைமனதோடு செய்கிறவர்களே அதிகம். மதிப்பீடு வேண்டாம், உதவி மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளும் சங்கங்களும், குழு அமைத்துவிட்டு அதன் பரிந்துரைகளைக் கிடப்பில் போடும் நிர்வாகங்களும் நிறைய.

எங்கள் மாவட்டத்தில் இது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆசிரியர் ஒப்பந்தம் பொது ஆவணம். பெரும்பாலான மாவட்டங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், முழுவதும் படிக்க வேண்டியதில்லை; மதிப்பீடு பற்றிய பிரிவைத் தேடுங்கள். கூட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறதா, அதில் யார் எத்தனை பேர், ஆலோசகர்கள் முழுநேரமா பகுதிநேரமா, ஒருவருக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று பாருங்கள். பிறகு வரவுசெலவுத் திட்டத்தில் அந்தப் பதவிகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருந்து வரவுசெலவில் இல்லையென்றால், திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது.

என் மகளின் ஆசிரியர் இந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. பணியாளர் விவரம் ரகசியமாகக் காக்கப்படும். ஒரு பெற்றோரின் ஒரு புகாரால் யாரையும் திட்டத்துக்குள் அனுப்பவும் மாட்டார்கள். முதலில் ஆசிரியரிடமே பேசுங்கள். தீரவில்லை என்றால் தலைமையாசிரியருக்குத் தேதியோடு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்தப் பாடம், எத்தனை வாரமாக வீட்டுப்பாடம் திருத்தப்படவில்லை, கேட்டதற்கு என்ன பதில் வந்தது. "சரியில்லை" என்ற ஒரு சொல்லால் பயனில்லை. வாரியக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிய சில நிமிடங்களில் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் குறைகூறப் பல வாரியங்கள் விடுவதில்லை. ஆலோசகர் பதவிகளுக்கு அடுத்த ஆண்டு பணம் இருக்கிறதா என்று கேட்க யாரும் தடைசொல்ல முடியாது.